கராத்தேயா, சிலம்பமா, குத்துச்சண்டையா? வாசகர் கேள்வி பதில்

தற்காப்புக் கலை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கலையின் பெயரைத்தான் கேட்கின்றன. சொல்லிக் கொடுப்பவர் யார், அங்கே யாரோடு பயிற்சி செய்யப்போகிறோம் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அந்த இரண்டும்தான் முக்கியம், அதனால் கீழே உள்ள பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

வணக்கம் மாஸ்டர். என் மகனுக்கு ஏழு வயது. பள்ளியில் சனி, ஞாயிறு கராத்தே வகுப்பு இருக்கிறது. அடுத்த தெரு மைதானத்தில் ஒரு ஆசான் தினமும் சாயங்காலம் சிலம்பம் சொல்லித் தருகிறார். என் வீட்டுக்காரரோ டேக்வாண்டோதான் ஒலிம்பிக்கில் இருக்கிறது, அதில் சேர்ப்போம் என்கிறார். எதில் சேர்ப்பது?
வாசகி, திண்டுக்கல்

அம்மா, ஏழு வயதில் எந்தக் கலை என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. தடுமாறாமல் நிற்பது, அடிபடாமல் விழுவது, இடது வலது குழம்பாமல் கைகால் ஆட்டுவது, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்பது, இவ்வளவுதான் இந்த வயதில் உடம்பில் ஏற வேண்டும், மூன்றிலுமே அது கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், அதிலும் பரீட்சை, விடுமுறை என்று அடிக்கடி நின்றுபோகிற வகுப்பைவிட, நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் தினமும் நடக்கும் வகுப்பு எவ்வளவோ மேல். அதனால் நான் சிலம்பத்தைத்தான் சொல்வேன், ஆனால் அந்த ஆசானை நீங்கள் நேரில் பார்த்த பிறகு.

ஒரு நாள் போய், வகுப்பு முடியும்வரை ஓரமாக உட்காருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை கையில் முதல் நாளே கம்பைக் கொடுத்துச் சுற்றச் சொல்கிறாரா, இல்லை காலடியில், அதாவது கால் வைத்து நகரும் முறையில், ஆரம்பிக்கிறாரா என்று கவனியுங்கள். நல்ல ஆசான் வெறுங்கையோடு காலடியைத்தான் நிறைய போடவைப்பார், பிள்ளைகளுக்குச் சலிக்கும், அந்தச் சலிப்புக்கு மருந்தாக நடுவில் ஏதாவது ஓடிப் பிடிக்கும் விளையாட்டும் வைத்திருப்பார். கம்பு அவரவர் உயரத்துக்குத் தகுந்ததா பாருங்கள். பொதுவாகப் புருவ மட்டத்துக்கு வரும் கம்பு கொடுப்பார்கள். பெரியவர்களின் கம்பைச் சின்னப் பையன் கையில் திணித்தால் ஒரு வாரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று அழுவான், அதோடு வகுப்பையே வெறுத்துவிடுவான். சுற்றும்போது ஒருவர் கம்பு இன்னொருவர் மேல் படாத இடைவெளி இருக்க வேண்டும். அப்புறம், எந்த வகுப்பிலும் கொஞ்சம் மெதுவாகக் கற்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அது மூன்றாவது முறையும் தப்பாகச் செய்யும்போது ஆசான் என்ன செய்கிறார் என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில், என்ன காரணம் சொன்னாலும் சரி, சேர்க்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டு. கராத்தே 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும் எட்டிப் பார்த்தது, பாரிஸில் இல்லை. ஆனால் ஏழு வயதில் அதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் போட்டி ஆசை வந்தால் அப்போது மாறிக்கொள்ளலாம். சிலம்பத்தில் பழகிய கால் அங்கேயும் உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடு உடைப்பது, வயிற்றின் மேல் பைக் ஏற்றுவது, ‘உலக சாதனை’ என்று பிள்ளைகளை மணிக்கணக்கில் வெயிலில் கம்பு சுற்றவைத்து, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுப்பது, இதெல்லாம் பயிற்சியில் சேராது. வளர்கிற எலும்பை இப்படிச் சோதிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த வகுப்பில் சேர்த்தாலும் முதல் நாளே, இதிலெல்லாம் என் பையன் வரமாட்டான் என்று சொல்லிவிடுங்கள்.

சார், வயது 31. பத்து வருடமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த வேலை. சினிமா சண்டை இல்லாமல் உண்மையாகவே சண்டை தெரிய வேண்டும் என்று ஆசை. வீட்டுப் பக்கத்து ஜிம்மில் பாக்ஸிங், முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை), பிரேசிலியன் ஜியு-ஜிட்சு மூன்றும் இருக்கின்றன, மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டை) பேக்கேஜ் தருகிறார்கள். எனக்கு வயதாகிவிட்டதா? எதை எடுப்பது?
வாசகர், வேளச்சேரி

31 எல்லாம் ஒரு வயதா, தம்பி? தாராளமாகச் சேருங்கள். ஆனால் மூன்றையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள், பேக்கேஜ் மலிவாக இருந்தாலும்.

உண்மைச் சண்டை என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரில் நிற்பவர் ஒத்துழைக்க மறுக்கும்போதும் நாம் கற்றது வேலை செய்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்க்கிற வகுப்பில்தான் அது வரும். நீங்கள் சொன்ன மூன்றிலும் அது உண்டு, ஜூடோவில் உண்டு, மல்யுத்தத்தில் உண்டு. கராத்தேயில் சில இடங்களில் நன்றாகவே உண்டு, சில இடங்களில் காற்றில் குத்துவதோடு சரி.

பாக்ஸிங்கில் முதல் இரண்டு மாதம் நிற்பதும் ஜாபும்தான், ஜாப் என்றால் முன்னால் இருக்கிற கையால் நேராகப் போடும் குத்து. பின்கால் குதிகால் லேசாகத் தூக்கியிருக்க வேண்டும், குத்திய கை போன வழியே கன்னத்துக்குத் திரும்பி வர வேண்டும். இந்தத் திரும்பி வருகிற பாதியைத்தான் புதியவர்கள் எல்லோரும் மறப்பார்கள், குத்திவிட்ட சந்தோஷத்தில் கை கீழே இறங்கிவிடும். கோச் அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். சேர்ந்த இரண்டாவது வாரமே ரிங்கில் ஏற்றிப் பழையவர்களிடம் அடி வாங்கவைக்கிற ஜிம் என்றால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். ஸ்பாரிங்குக்கு, அதாவது ஜோடியாக மோதிப் பழகுவதற்கு, 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ், பல்லுக்கு மவுத் கார்டு இரண்டும் கட்டாயம். தலைக்கவசம் போட்டிருக்கிறோமே என்று தைரியமாக இருக்க வேண்டாம். அது தோல் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013-லேயே சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் உயர்நிலை ஆண்களுக்குத் தலைக்கவசத்தை எடுத்துவிட்டார்கள், ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். அடி வாங்கிய பிறகு தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஏதாவது இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், அவர் சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது.

உங்களுக்கு நான் சொல்வது ஜியு-ஜிட்சு, தரையில் கட்டிப் புரண்டு கை, கழுத்தைப் பூட்டுகிற கலை. மூளையை வைத்துச் சம்பாதிக்கிறவர், தலையில் அடி இல்லாமல் முழு பலத்தோடு மோதிப் பார்க்கக்கூடிய கலையில் தொடங்குவது நல்லது. பூட்டு விழுந்து தாங்க முடியாவிட்டால் இரண்டு தட்டு தட்ட வேண்டும், எதிராளி விட்டுவிடுவார், கை குலுக்கி மறுபடி ஆரம்பிப்பீர்கள். முதல் சில மாதம் தட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள். உங்களைவிட இருபது கிலோ குறைவான ஒரு கல்லூரிப் பெண் உங்கள் கழுத்தைப் பூட்டுவாள். அதற்கு வெட்கப்பட்டுத் தட்டாமல் பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் முழங்கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பெல்ட் விஷயத்தில் அவசரமே வேண்டாம், அங்கே வெள்ளைக்கு அடுத்தது நீலம், அதற்கே பலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், கருப்புக்குப் பத்து வருடம் என்பது சாதாரணம். நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள், உடுப்பை ஒவ்வொரு முறையும் துவையுங்கள், பயிற்சி முடிந்த கையோடு குளியுங்கள். தரையில் விரித்திருக்கும் பயிற்சி மெத்தையிலிருந்து படர்தாமரை ஒட்டிக்கொள்வது நம் ஊர் வேர்வைக்கு ரொம்பச் சுலபம். மெத்தையைத் தினமும் துடைக்கிறார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டிப் பாருங்கள்.

சிலம்பம் கற்றால் அரசு வேலை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?
கல்லூரி மாணவர், தேனி

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள், அது உண்மை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகவும் இருந்தது. ஆனால் கற்றுக்கொண்டாலே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கீகரித்த போட்டிகளில் இடம் பிடித்திருக்க வேண்டும். ஊருக்கு நாலு சங்கம், ஆளுக்கொரு ‘தேசியப் போட்டி’ நடத்துகிறார்கள், எல்லாச் சான்றிதழும் செல்லாது. பணம் கட்டுவதற்கு முன்னால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய், இந்தப் போட்டி கணக்கில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

மாஸ்டர், நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் கராத்தே வகுப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெல்ட் டெஸ்ட். இரண்டே வருடத்தில் பிரவுன் வாங்கிவிட்டேன். போன மாதம் போட்டியில் பச்சை பெல்ட் போட்ட பையனிடம் 8-0 என்று தோற்றேன். எனக்கு எதுவுமே தெரியாதோ என்று தோன்றுகிறது. வேறு வகுப்புக்கு மாறட்டுமா?
மாணவர், மதுரை

முதலில் பெல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேள் தம்பி. கருப்பு பெல்ட் ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-ல் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, தேறிய மாணவர்களைத் தனியே காட்டத்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷி அதைப் பார்த்து 1924-ல்தான் முதல் கருப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நடுவில் உள்ள வண்ணங்கள் பெரும்பாலும் அதற்கும் பிறகு பரவியவை. ஒரு மாஸ்டர் தன் கூடத்தில் யாருக்கு எதுவரை சொல்லிக் கொடுத்தோம் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ள வைத்த அடையாளம் அது. வேறொரு கூடத்துப் பச்சையோடு உன் பிரவுனை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அந்தப் பையன் நான்கு வருடமாகப் பச்சையிலேயே இருக்கிறவனாகக்கூட இருக்கலாம்.

இப்போது அந்த 8-0. எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், ஆக உனக்கு முழு நேரம் கூடக் கிடைத்திருக்காது. அவன் புள்ளிகளை எப்படி வாங்கினான் என்று உட்கார்ந்து எழுது. நீ உள்ளே வரும்போதெல்லாம் குத்தினானா, நீ பின்வாங்கும்போது துரத்தினானா? வீடியோ யாராவது எடுத்திருந்தால் வாங்கிப் பார். எனக்குத் தெரிந்து மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட் வைக்கிற வகுப்புகளில் நேரம் முழுக்க கிஹோனும் (அடிப்படை அசைவுகள்) கட்டாவும்தான் (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஓடும், ஏனென்றால் டெஸ்ட்டில் அதைத்தான் கேட்பார்கள். எதிராளியோடு மோதிப் பழகும் குமிதே, போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும். அப்படிப் பழகியவனுக்குக் கை வேகமாக இருக்கும், ஆனால் எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கண்ணுக்குத் தெரியாது.

தூரம் பழக ஒரு வழி சொல்கிறேன். வகுப்பு நண்பன் ஒருவனை எதிரே நிறுத்திக்கொள். அவன் இஷ்டத்துக்கு முன்னால் வருவான், பின்னால் போவான். முதல் வாரம் நீ குத்தவே கூடாது, அவன் கை நீட்டினால் உன் மார்பைத் தொட ஒரு சாண் குறைகிற தூரத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும். இரண்டாவது வாரம், அவன் அடியெடுத்து வைக்கிற அந்த நொடியில் மட்டும் ஒரே ஒரு கியாகு-ஸுகி, பின்கையால் போடும் நேர்க்குத்து. வேறு எதுவும் வேண்டாம், காலை உதைக்காதே, கூட்டிக் குத்தாதே. ஒரு மாதம் முழுக்க இது ஒன்றுதான். பக்கவாட்டில் போனை வைத்து எடுத்துப் பார்த்தால் நீ குத்துவதற்கு முன் தோளைத் தூக்கிக் காட்டிக்கொடுக்கிறாயா என்று தெரியும், நிறையப் பேர் காட்டிக்கொடுப்பார்கள்.

வகுப்பை மாற்றுவதைப் பற்றி: அடுத்த டெஸ்ட்டுக்கு நான் வரவில்லை மாஸ்டர், ஆறு மாதம் குமிதே பழக வேண்டும், உதவி செய்யுங்கள் என்று நேராகப் போய்க் கேள். அவர் சந்தோஷப்பட்டால் அங்கேயே இரு, உனக்கு நல்ல மாஸ்டர் கிடைத்திருக்கிறார். டெஸ்ட் கட்டணம் போய்விடுகிறதே என்று முகம் மாறினால் அப்பா அம்மாவிடம் சொல்லி வேறு இடம் பார்.

இரண்டு வருடமாகச் சிலம்பம் பழகுகிறேன். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு இரண்டும் நன்றாகச் சுற்றுவேன், திருவிழாவில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் தொடுமுறையில் (எதிராளியைக் கம்பால் தொட்டு ஆடும் முறை) எதிரே ஒருவர் வந்து அடித்தால் முதல் அடியிலேயே என் கம்பு தெறித்துவிடுகிறது. என்ன தவறு?
வாசகர், விருதுநகர்

தவறு ஒன்றும் இல்லை, இதுவரை நீங்கள் பழகியது அலங்காரச் சிலம்பம், அதாவது தனியாகச் சுற்றிக் காட்டுவது. அதற்கு அதன் மதிப்பு உண்டு, கை, தோள், மூச்சு எல்லாம் அதில்தான் திறக்கும். எதிராளியோடு மோதுகிற போர்ச் சிலம்பத்துக்கு இன்னொரு பழக்கம் வேண்டும்.

சுற்றும்போது பிடி தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பு ஓடாது. அந்தத் தளர்ந்த பிடியோடு அடியை வாங்கினால் தெறிக்கத்தான் செய்யும். அதற்காக எப்போதும் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, முன்கை சீக்கிரம் களைத்துவிடும். கம்பும் கம்பும் மோதுகிற அந்தக் கணத்தில் மட்டும் சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கத்திலிருந்து இறுக்கி, உடனே விட வேண்டும். இதைத் தனியாகவே பழகலாம், பழைய டயரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு மெதுவாக அடித்து, படுகிற நேரத்தில் பிடி எங்கே இறுகுகிறது என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது கால். நின்ற இடத்திலேயே நின்று தடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கம்பின் நுனிப் பகுதியில்தான் வேகம் அதிகம், அந்த நுனி வந்து விழுகிற இடத்தில் நின்றுகொண்டு தடுத்தால் முழு அடியும் உங்கள் மணிக்கட்டில் இறங்கும். முதலில் பக்கவாட்டில் காலடி, அப்புறம்தான் தடுப்பு. ஆரம்பத்தில் படித்த அதே காலடிதான், சுற்றுகிற ஆசையில் எல்லோரும் அதை விட்டுவிடுகிறோம். கண் எதிராளியின் கம்பு நுனியில் இருக்கக் கூடாது, நுனியைக் கண்ணால் பிடிக்க முடியாது. அவர் தோளையும் மார்பையும் பாருங்கள், அடி அங்கேயிருந்துதான் கிளம்பும்.

ஜோடிப் பயிற்சியை இப்படி வையுங்கள்: தலை, தோள், முழங்கால் என்று சொல்லிவைத்த வரிசையில் அவர் மெதுவாக அடிக்கட்டும். அது தடங்கல் இல்லாமல் வந்த பிறகு வரிசையை மாற்றி அடிக்கட்டும், வேகம் அப்படியே மெதுவாக. வேகத்தைக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். தலைக்கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் வேகமாக மோதாதீர்கள், அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமல்தானே ஆடினார்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியில் பெண்களுக்கு இரண்டு நாள் தற்காப்பு முகாம் நடந்தது. கையைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் அண்ணனை விளையாட்டாகப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன், விடுவிக்கவே முடியவில்லை. அந்த முகாம் வீண்தானா?
மாணவி, கோவை

வீண் இல்லைம்மா. அண்ணனைப் பிடிக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாயே, அது மிக நல்ல காரியம். முகாமில் ஜோடிப் பெண் பாதி விருப்பத்தோடு பிடித்திருப்பாள், அண்ணன் விடக் கூடாது என்று பிடித்தார். பிடியில் பலவீனமான இடம் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அந்தப் பக்கமாகத்தான் இழுக்க வேண்டும், அதுவும் கையால் மட்டும் இழுக்காமல் முழங்கையை உடம்போடு ஒட்டி, காலை நகர்த்தி, மொத்த உடம்பையும் திருப்பி. இது பலமுறை, பலமுள்ளவர்களிடம் பழகினால்தான் வரும், இரண்டு நாளில் வராது.

முகாமில் கற்றதில் நிச்சயமாகக் கைகொடுப்பது சத்தம் போடுவது, தள்ளி நிற்பது, ஓடுவது. ஓடுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, முதலில் செய்ய வேண்டியதே அதுதான். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டையும் போனில் முதல் வரிசையில் வைத்துக்கொள். திருப்பி அடித்தால் நம் மேலேயே கேஸ் வருமோ என்று பயப்படுகிற பெண்கள் நிறைய. உன் உடம்பைக் காத்துக்கொள்ளத் தற்காப்பு உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவை. தப்பிக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

முகாமோடு நிறுத்தாமல் ஒரு ஆறு மாதம் ஜூடோ அல்லது ஜியு-ஜிட்சு போய்ப் பார். உன்னைவிட கனமானவர்கள் மேலே விழுந்து அழுத்தும்போது மூச்சுத் திணறாமல் யோசிக்க அங்கே பழகலாம், வேறு எங்கேயும் அது அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. வகுப்பில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, ஜோடியாக யாரோடு பழகுவது என்பதை நீயே தேர்ந்தெடுக்கலாமா என்று சேரும் முன் கேள். தயங்காமல் கேட்கலாம், நல்ல இடத்தில் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு 58 வயது, பணி ஓய்வு பெற்றுவிட்டேன். லேசான மூட்டுவலி உண்டு. சின்ன வயது ஆசை, இப்போது ஏதாவது கற்க முடியுமா?
வாசகர், தஞ்சாவூர்

முடியும் ஐயா. கேரளாவின் வடகரையைச் சேர்ந்த களரி ஆசிரியை மீனாட்சி அம்மா 2017-ல் பத்மஸ்ரீ வாங்கும்போது எழுபதைத் தாண்டியிருந்தார், வாளும் கேடயமுமாக அவர் நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் ஏழு வயதில் தொடங்கியவர், அதனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த அமர்வுகளில் இறங்கிவிடாதீர்கள். மூட்டுக்கு நான் சொல்வது தாய் சி, மெதுவான அசைவுகளால் ஆன சீனக் கலை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சியை உறுதியாகப் பரிந்துரைத்திருக்கிறது. 1956-ல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசை ஆரம்பத்துக்குப் போதும். முழங்காலைக் கொஞ்சமாக மடக்கினால் போதும், வலிக்கிற அளவுக்கு இறங்க வேண்டாம். பக்கத்தில் தாய் சி இல்லை என்றால் சிலம்ப ஆசானிடம் போய், காலடியும் மெதுவான ஒற்றைக் கம்பும் மட்டும் போதும், குதிப்பதும் உட்கார்ந்து எழுவதும் வேண்டாம் என்று பேசிக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன் உங்கள் எலும்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான்கு வருடம் ஷோட்டோகான் கராத்தே. வேலை மாறி ஓசூர் வந்துவிட்டேன். இங்கே இருப்பது கராத்தேயிலேயே வேறு பிரிவான ஷிட்டோ-ரியு வகுப்பு, வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.
வாசகர், ஓசூர்

புரிகிறது. ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். கட்டாக்களின் பெயரும் அமைப்பும் மாறும், ஷிட்டோ-ரியுவில் கட்டாக்கள் எண்ணிக்கையும் மிக அதிகம். நிற்கும் நிலை உங்கள் ஷோட்டோகானைவிடக் கொஞ்சம் உயரமாக, குறுகலாக இருக்கும், உங்கள் தொடைக்கு அது முதலில் பிடிக்காது. பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தப்பாக நிற்பதைவிட, வெள்ளையில் நின்று நிதானமாகப் பழகுவது உங்களுக்கே சுலபம். நல்ல மாஸ்டர் என்றால் உங்களுக்கு அடிப்படை இருப்பதைச் சில வாரத்திலேயே கண்டுபிடித்து வேகமாக நகர்த்துவார். சேரும்போது ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: தேறியிருந்தால் நடு நிலைகளைத் தாண்டி நேராகத் தேர்வு எழுத விடுவீர்களா, இல்லை ஒவ்வொரு வண்ணத்துக்கும் கட்டணம் கட்டித்தான் வர வேண்டுமா?